ஹவுழில் மிதந்த உளுவை

இந்த வாரம் சிரிக்கலாம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியவர்கள் தயவுசெய்து சமையல் பகுதிக்குப் போய்விடுங்கள். நான் கோபமாக இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை. தபால் கந்தோரில் தந்தி மேசையை விட்டெழுந்து, சைக்கிளை மிதித்து, ஜும்ஆத் தொழுகைக்கு நேரத்தோடேயே பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஹவுழடியில் குந்தினேன். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி வுழூ எடுக்கிற அந்தச் சீமெந்துத் தொட்டியில் கையை விட்டால், விரலில் ஏதோ பட்டது.

மீன். செத்த மீன். சுண்டுவிரலில் பாதி நீளம். வாலடியில் செம்மஞ்சள் கோடு.

இந்தக் கோட்டை நான் அறிவேன். மூன்று மாதமாகக் காலையும் மாலையும் பார்த்த கோடு. குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தேன். என் வீட்டுச் சிப்பி ஓடு கிடந்தது. அதில் ஒட்டியிருந்த முட்டைகள் வெளுத்துப்போயிருந்தன.

கோபம் வந்தால் வுழூ எடுக்கச் சொல்லித்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வுழூ எடுக்கப் போன இடத்திலேயே கோபம் வந்தால் மனிதன் எங்கே போவது?

இந்த மீன்களைப் பற்றி முன்பும் இரண்டொரு தடவை எழுதியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாய்ந்தமருதுக் கரைவலைக்காரர் ஒருவர், வலையில் சிக்கிய முருகைக்கல் ஒன்றை, அதாவது பவளப்பாறைத் துண்டை, கரையில் வீசினார். அதன் பொந்துக்குள் இரண்டு குட்டி உளுவைகள். ஆணும் பெண்ணும். கறிக்கு ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. எனக்கு மட்டும் ஆயிற்று.

கந்தோரில் கழித்துப்போட்ட பெட்டரிக் கண்ணாடித் தொட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் கடல் மணல், கடல் தண்ணீர், அந்த முருகைக்கல், ஒரு சிப்பி ஓடு. இரண்டு நாளைக்கொருமுறை மண்ணெண்ணெய்த் தகரத்தில் புதுக் கடல் தண்ணீர்... சைக்கிளில்தான். ஊருக்கு மின்சாரம் இல்லை. தண்ணீருக்குக் காற்று வேண்டும். ஆகவே ஒரு பழைய டியூபில் காற்றடித்து, வால்வில் மெல்லிய ரப்பர்க் குழாயை மாட்டி, அதன் நுனியைத் தண்ணீருக்குள் விட்டேன். குமிழி குமிழியாக வரும். மூன்று மணித்தியாலத்துக்கொரு தடவை பம்ப் அடிக்க வேண்டும். நான் கந்தோரில் இருக்கும்போது அடித்தவள் என் மனைவி. அவளை மறந்துவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். உளுவைக்கு வேறு சட்டம். ஆண் ஒரு சிப்பிக்குள் வீடு பிடிக்கும். மண்ணைத் தள்ளித் துப்புரவாக்கும். பெண்ணைக் கூப்பிடும். அவள் வந்து முட்டையிட்டுவிட்டுத் தன் பாட்டில் போய்விடுவாள். அதன்பிறகு காவல் முழுக்கத் தகப்பனுக்கு! சாப்பாட்டையும் மறந்து, முட்டைக்கு மேல் நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருப்பான். ஒரு மனுசன் இப்படி இருந்தால் ஊரே அவனைப் பைத்தியம் என்று சொல்லும்.

முதல் தரம் முட்டையைத் தகப்பனே தின்றுவிட்டான். நான் அடிக்கடி சிப்பியைத் தூக்கிப் பார்த்ததுதான் காரணம் — என் பிழை. இரண்டாம் தரம் குஞ்சு பொரித்தது. கண்ணாடியில் தூசு பறப்பதுபோல நூற்றுக்கணக்கில். மூன்றாம் நாள் ஒன்று மிஞ்சவில்லை. பட்டினி. அந்தத் தூசுக்கு ஊட்டுவதற்குத் தூசிலும் சின்ன சாப்பாடு வேண்டுமே!

யோசித்தேன். மிட்டாய்ப் போத்தல்களில் கடல் தண்ணீரை நிரப்பி வெயிலில் வைத்தேன். இரண்டு கிழமையில் தண்ணீர் பச்சையாயிற்று. அந்தப் பச்சைக்குள்தான் கண்ணுக்குத் தெரியாத சாப்பாடு இருக்கிறது. மூன்று போத்தல் தயார். மூன்றாம் தரம் முட்டையிட்டு ஐந்து நாள். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள். இன்றோ நாளையோ பொரிக்கும். இந்தத் தடவை மூன்றாம் நாளைத் தாண்டிவிடும் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது.

அன்று மத்தியானம்தான் ஹவுழடியில் குந்தியிருந்தேன்.

தொழுகை முடிந்தது. என்ன தொழுதேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வெளியே வந்தால், என் மனைவியின் காக்கா, அதாவது மூத்த சகோதரர், கல்முனையில் புடவைக் கடை வைத்திருக்கும் மச்சான், சிரித்த முகத்தோடு நிற்கிறார். நான் கேட்க முன்பே அவரே சொன்னார்:

"ஓம் மச்சான், நான்தான் கொண்டுவந்து உட்டேன். மூணு மாசமா ஒரு கண்ணாடிக்குள்ள அடைச்சி வெச்சிரிக்காய். முட்டையோட இரிக்கிற சீவன், பாவமில்லியா? இஞ்ச ஹவுழ்லயும் கடிக்கிற நுளம்புட புழு கூடிப் பெய்த்து. மீன் உட்டாத் திண்டுடும். ஒரே வேலைல ரெண்டு நன்மை."

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்து நிற்கிறார்!

"அது கடல் மீன், மச்சான். உப்புத் தண்ணிலதான் சீவிக்கும்."

"ஆத்துல உளுவை இல்லியா? வயல் வாய்க்காலுக்குள்ளயும் கெடக்கே. உளுவை எல்லாம் ஒண்டுதான்."

"இது வேற சாதி. நல்ல தண்ணி பட்டாச் செத்துப் பெய்த்திடும்."

"அது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் மூணு தரம் கிணத்துத் தண்ணில உப்புப் போக நல்லாக் கழுவித்தான் உட்டேன்."

கழுவித்தான் விட்டாராம். வாசகர்களே, இதைக் கேட்டபிறகும் நான் அந்த முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் பொறுமையை நீங்கள் மெச்ச வேண்டும்.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நல்ல காரியத்துக்கும் கேக்கணுமா?"

இதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். பாங்கு சொல்லும் மோதினார் வந்தார். செத்த மீனைச் சிரட்டையில் அள்ளி வெளியே வீசியவர் அவர்தான். "ரெண்டு உளுவைக்கா இந்தக் கதை? பள்ளிக்குள்ள சத்தம் போடாதீங்க" என்றார். எல்லாரும் மச்சானின் பக்கம். அவர் முகத்தில் இப்போதுதான் ஒரு சின்ன வாட்டம். தோளில் தட்டிச் சொன்னார்: "சரி மச்சான். அல்லாஹ்ட நாட்டம்."

இங்கேதான் எனக்கு உச்சியில் ஏறியது. போன மாரிக்கு அவருடைய கடை ஒழுகிச் சீத்தைத் துணி நனைந்ததே, ஓடு மாற்றினவனை நடுத்தெருவில் நிற்பாட்டி அவர் கதைத்த கதையில் நாட்டம் என்ற சொல் ஒரு தடவையாவது வந்ததா? சரியாக நடந்தால் என் நன்மை. பிழையாக நடந்தால் படைத்தவன் பொறுப்பு. இது ஈமானா, சூட்டிக்கையா?

வீட்டுக்குப் போனேன். தொட்டி காலி. மணலையும் அலசிக் கொட்டியாயிற்று. பச்சைத் தண்ணீர்ப் போத்தல்கள் மூன்றும் பளபளவென்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஊத்தைத் தண்ணீர் என்று தென்னைக்கு ஊற்றிவிட்டாராம். மனைவி குசினி வாசலில் நின்றாள். அழுதிருக்கிறாள்.

"'அவர் வரட்டும் காக்கா' எண்டு ரெண்டு தரம் சொன்னேன். 'அவனுக்கு நான் சொல்றேன், நீ வாளியக் கொண்டா' எண்டாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"ஏன் குடுத்தாய்?"

"அவரு கட்டித் தந்த வீட்டுல நிண்டுக்கிட்டு, அவருக்கு வாளி இல்லெண்டு எப்புடிச் சொல்ற?"

ஓம், வீடு மச்சான் கட்டித் தந்தது. தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர் அவர். கெட்ட மனுசன் இல்லை. கெட்ட மனுசனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!

கெடுதி செய்ய வருகிறவன் வாசலில் நின்று ஒரு தடவையாவது தயங்குவான். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பான். நன்மை செய்ய வருகிறவன் நேரே உள்ளே வந்து வாளி கேட்பான். அவனை யார் மறிப்பது? மறித்தால் மறித்தவன்தான் பாவி. ஒரு ஊரில் நல்லவர்கள் பத்துப் பேர் இருந்தால், மற்றவர்கள் தங்கள் அலுமாரிகளைப் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும் — திருட்டுக்குப் பயந்து அல்ல.

சனிக்கிழமை பத்து மணிக்கு உள்ளறையில் 'புஸ்... புஸ்...' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் என் மனைவி வெறுந்தொட்டிக்கு முன்னால் குந்தி டியூபுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள். எனக்கு அழுகை வந்தது. கோபம், கோபம் என்று நான் மேலே எழுதியதில் பாதி இந்த அழுகைதான்.

ஞாயிறு காலை மச்சான் வந்தார். கையில் ஓலைப் பையை நிறைத்துக்கொண்டு ஒரு பாரை மீன். கண் இன்னும் பளபளக்கிறது.

"உன்ட ரெண்டு மீனையும் சேத்து வெச்சாலும் இதுட வாலுக்குக் காணாது. இனிக் கோவம் வேணா, மச்சான்."

மனம் வருந்தித்தான் கொண்டுவந்திருக்கிறார். எனக்குத் தெரிகிறது. உள்ளே போய் வெறுந்தொட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இனி நெல்லு வெக்கலாம்" என்று யோசனையும் சொன்னார். கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அவருக்கு அது தோன்றவேயில்லை.

மனைவி அந்தப் பாரையைத் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சினாள். தொடுவதில்லை என்ற முடிவோடுதான் பாயில் உட்கார்ந்தேன். மச்சானும் எதிரில் உட்கார்ந்தார். பெரிய துண்டாகப் பார்த்து அவரே என் சோற்றுக் கோப்பையில் வைத்தார் — என்னைக் கேட்காமல்.

தின்றேன். இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன். அவ்வளவு ருசி. அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை!