அண்ணனின் மூளையும் பல்லடத்து முட்டைகளும்

அப்போது என் ஆராய்ச்சிக்கு வேண்டிய முட்டைகள் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து வந்தன. கடையில் விற்கிற முட்டை உதவாது. அடைக்கு வைத்தால் குஞ்சு பொரிக்கிற முட்டையாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். சர்க்கரை நோய் மூளையின் ரத்தக் குழாய்களை என்ன செய்கிறது என்பதுதான் தலைப்பு. எலி வளர்க்க எங்கள் கல்லூரியில் கூடமில்லை. அதனால் கோழிக்கருவில் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

வேலை கேட்பதற்கு எளிது. முட்டை ஓட்டில் நகத்தளவு ஜன்னல் வெட்ட வேண்டும். உள்ளே சர்க்கரைக் கரைசலைச் சில சொட்டு விட்டு, ஜன்னலை ஒட்டி மூடி, சூடான பெட்டிக்குள் வைக்க வேண்டும். சில நாள் கழித்துக் கருவின் ரத்தக் குழாய்க்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் கறுப்பு மையை ஏற்றினால், மூளையின் குழாய்கள் வேர்வேராகத் தெரியும். அவற்றை எண்ணி, சர்க்கரை விடாத முட்டையோடு ஒப்பிட வேண்டும்.

முட்டை வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அண்ணன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போன பிறகு பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர். கட்டிங் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு எட்டு மிஷின்களை ஓட்டினார். பெரிய கம்பெனிகள் கொடுக்கும் துணியைத் தைத்துத் தருகிற தொழில். நாற்பதுக்கு முன்பே அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அவருக்கு வந்ததால்தான் நான் அந்தத் தலைப்பை எடுத்தேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் அது எங்கள் பேராசிரியர் கொடுத்த தலைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் ஸ்கூட்டரை எடுப்பார். நான் பின்னால் உட்கார்ந்து மடியில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொள்வேன். பெட்டி நிறையப் பனியன் வேஸ்ட், கொட்டகையில் வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகள். முட்டை உடையாமலிருக்க அதைவிட நல்ல மெத்தை கிடையாது. பல்லடம் நாற்சந்தியில் பொள்ளாச்சி ரோட்டுக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் பண்ணை. அண்ணனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போகத் தெரிந்த வழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்சந்தியில் நேராகத் திருச்சி ரோட்டில் போனார். வேறு ஏதோ வேலை இருக்கிறது போலிருக்கிறது என்று நானும் பேசாமலிருந்தேன். வெகுதூரம் போய், ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு வெயில் இல்லை.

"எந்தூருக்குப் போறம் கண்ணு?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. "பண்ணைக்குங்ண்ணா, முட்டை வாங்க" என்றேன். "எந்தப் பண்ணை?" என்றார். கொஞ்சம் கோபமாகவே கேட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் இருந்த டீக்கடைக்கு வந்தோம். இரண்டு பன்னும் டீயும் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் சிரித்தார். "அட, இதென்ன கூத்து! திருச்சிக்கே போயிருப்பம்போல" என்றார். திரும்பி வந்து முட்டை வாங்கினோம். பண்ணைக்காரரிடம் கோழித்தீவன விலை வரைக்கும் தெளிவாகப் பேசினார்.

பேருந்தில் கோயமுத்தூர் போகிற வழியெல்லாம் என் மடியில் முட்டைப்பெட்டி, மண்டைக்குள் அண்ணன். மூளையில் மயிரிழைக் குழாய் ஒன்று அடைத்தால் ஆளுக்குச் சிறிது நேரம் இடம் தெரியாமல் போகும். அதைத்தான் நான் நாள் முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆய்வகத்தில் அதைவிடக் குழப்பம். முதல் தொகுதி முட்டைகளில் சர்க்கரை விட்ட கருவின் மூளையில் குழாய்கள் குறைந்து, இளைத்து இருந்தன. நாங்கள் எதிர்பார்த்ததும் அதுதான். அடுத்த தொகுதியில் அதே சர்க்கரை, அதே அளவு, அதே பெட்டி. குழாய்கள் புதர்போல மண்டிக் கிடந்தன. மை ஏற்றும்போதே பலவற்றில் கசிந்தது. நான் திரும்ப எண்ணினேன். பேராசிரியர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கும் புரியலைம்மா. மின்சாரம் போய் வந்ததுல பெட்டிச் சூடு மாறியிருக்குமோ?"

"சர்க்கரை விடாத முட்டை அதே பெட்டியிலதான் சார் இருந்துச்சு. அதெல்லாம் ஒழுங்கா இருக்குது."

"அப்ப இன்னொரு தடவை செய்யுங்க" என்றார். இன்னொரு தடவை செய்தேன். பாதி முட்டை ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் சாட்சி சொல்லின.

வீட்டில் நங்கை தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அண்ணன் முற்பகல் நேரங்களில் கொட்டகையில் கத்துகிறார், பனியன் கைக்கு வெட்டிய துணியை உடம்புக்கு என்று எடுத்துக் கொடுக்கிறார், ஒரு கட்டு பனியனுக்குக் கழுத்துப்பட்டி முதுகுப் பக்கம் ஏறிவிட்டது. அவர் யாரையும் கடிந்து பேசியே நாங்கள் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த டெய்லர், நான் ஊருக்கு வந்திருந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய. அண்ணாச்சி நேத்து என்னையப் பாத்து, நீ யாருவேன்னு கேட்டாவ. மத்தியானம் சாப்பிட்டு வந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி சிரிச்சுப் பேசுதாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அன்று சாயங்காலம் நங்கை என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார்.

"ஏம் பாப்பா, உன்ற அண்ணன் குடிக்கறாரோன்னு எனக்குச் சந்தேகமா இருக்குது. வாடையும் வர்றதில்ல. ஆனா நடையப் பாத்தா அப்படித்தான் இருக்குது."

"குடியெல்லாம் இல்லீங்க நங்க. சர்க்கரை மூளைக்குப் போற ரத்தக் குழாயக் கெடுக்கும். அதா இருக்கும்னு நெனைக்கறேன்."

"கெடுக்கும்னா? அடைச்சுக்குமா?"

"அடைச்சுக்கும். சிலதுல..." என்று இழுத்தேன்.

"நீ முட்டைல அதத்தானே பாக்கற? அதுல என்ன தெரியுது?"

குறைந்தும் இருக்கிறது, பெருகியும் இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு என்ன ஆறுதல்? "இன்னும் முடியலைங்க நங்க" என்றேன். அவர் வெங்காயம் நறுக்கியபடியே, "அது முடியற வரைக்கும் இவரு தாங்கோணுமே" என்றார். குத்திக் காட்டிப் பேசவில்லை. அவருடைய கணக்கு அது.

கோயமுத்தூரில் மூளை நோய்களுக்கு ஒரு பெண் மருத்துவர் இருந்தார். தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அண்ணன் ஸ்கேன் மிஷினுக்குள் படுத்துவிட்டு வெளியே வந்து, "உள்ள நல்லாக் குளுகுளுன்னு இருக்குது கண்ணு" என்றார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி மருத்துவர் பென்சிலால் காட்டினார். மூளையின் ஆழத்தில் இரண்டு கரும்புள்ளிகள், கடுகு அளவில்.

நான் ஆராய்ச்சி செய்கிறவள் என்று தெரிந்ததால் என்னைப் பார்த்துப் பேசினார். "இது பழசு. எப்ப வந்ததுன்னு சொல்ல முடியாது. இப்ப இவர் வழி மாறிப் போறதுக்கு இதுதான் காரணமான்னும் என்னால சொல்ல முடியாது." பிறகு அண்ணனிடம் திரும்பினார். "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க? எல்லாத்தையும் எடுத்து வைங்க."

அண்ணன் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மருத்துவர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது யார் கொடுத்தது?"

"திருப்பூர் டாக்டருங்க. ஆரம்பத்துல இருந்தே அவர்தானுங்க."

"இது?"

"நூல் கடைக்காரர் ஒருத்தர் இங்க ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டு வந்தாருங்க. அவர் எழுதிக் குடுத்ததுங்க."

"ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனி வேற, பேர் வேற. நீங்க ரெட்டிப்பா சாப்பிட்டுட்டு இருக்கீங்க. காலைல என்ன சாப்பிடுவீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "சர்க்கரை ஏறுமேன்னு ஒரு இட்லியோட நிறுத்திக்குவனுங்க."

"ஒண்ணை நிறுத்தணும்னு தோணலையா?"

"ரெண்டு பேரும் படிச்ச டாக்டருங்கதானுங்களே. ஆரைத் தள்ளறதுன்னு தெரியாம ரெண்டையும் சாப்பிட்டனுங்க."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி, மூளைக்குச் சாப்பாடு இல்லாமல்தான் அண்ணன் திருச்சி ரோட்டில் போயிருக்கிறார். மருத்துவர் ஓர் அட்டையைக் கீழே போட்டுவிட்டு, வேளைக்குச் சாப்பிடச் சொன்னார்.

அதன் பிறகு பல மாதம் வீட்டில் வெளிச்சம். அண்ணன் கொட்டகையில் பழையபடி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி வெட்டினார். நங்கை ஒருநாள் கேட்டார்: "அப்ப மூளைல ஒண்ணுமில்லதானே?" ஒன்றுமில்லை என்று வாய்வரை வந்தது. அந்த இரண்டு புள்ளிகள் படத்தில் இருந்தனவே. "இப்பத்திக்கு இல்லீங்க" என்றேன்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம். வயிறாரச் சாப்பிட்டு முடித்திருந்தார். கொட்டகையில் நின்று டெய்லரிடம் கையை நீட்டினார். கத்திரிக்கோலைத்தான் கேட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்தது. வார்த்தை வரவில்லை. "அது... அதுதான்... வெட்டறது..." என்றார். நங்கை அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். குடித்தார். வார்த்தை வரவில்லை. பக்கத்துத் தெரு லேபில் ரத்தம் பார்த்தால் சர்க்கரை சரியான அளவில் இருந்தது. சாயங்காலம் தானாகவே, "கத்திரி" என்றார். கேட்டதை மறந்து அப்போது நாங்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.

மறுபடியும் அந்தப் பெண் மருத்துவர். "இந்தத் தடவை குழாயா இருக்கலாம்" என்றார். இருக்கலாம் என்ற சொல்லைக் கேட்டு நங்கை என் முகத்தைப் பார்த்தார். ரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. அன்றிலிருந்து அண்ணன் தடுமாறும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. முதலில் சர்க்கரைத் தண்ணீர். தெளிந்தால் காரணம் மாத்திரை. தெளியாவிட்டால் குழாய். சில நாள் அரைகுறையாகத் தெளிவார். அப்போது எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். சர்க்கரை நோய் கண்ணின் உட்திரையில் வேண்டாத குழாய்களை வளர்க்கும், காலில் புண் வந்தால் வேண்டிய குழாயை வளர விடாது என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஆள், ஒரே ரத்தம். மூளையில் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் முட்டைகள் பொய் சொல்லவில்லை என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் அவை என்ன சொல்லின என்பதும் பிடிபடவில்லை. பேராசிரியரும் நானும் பேசி, இரண்டு முடிவுகளையும் ஆய்வேட்டில் அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கிற மாதிரி, ஒரு கூடத்தில் நடந்தது. அண்ணனும் நங்கையும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராகக் கேட்டார். "குறைகிறதா, கூடுகிறதா? உங்கள் முடிவு என்ன?" "எந்தக் கரு எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை, சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சரி என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, யாருக்காவது கேள்வி உண்டா என்றார்.

அண்ணன் எழுந்தார். கூடம் திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க, எனக்கு ஒரு சந்தேகமுங்க" என்றார். நின்றார். உதட்டை நனைத்துக்கொண்டார். நங்கை அவர் வேட்டி நுனியைப் பிடித்தார். "கேக்க வந்தது மறந்து போச்சுங்க" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பட்டம் கிடைத்துவிட்டது. திருப்பூர் போகிற பேருந்தில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். நங்கை பையிலிருந்து முறுக்கை எடுத்து முதலில் அண்ணன் கையில் கொடுத்தார்.

"என்னங்ண்ணா கேக்கலாம்னு எந்திரிச்சீங்க?"

முறுக்கைக் கடித்தபடி யோசித்தார். "உனக்கு வேலை எப்பக் கெடைக்கும்னு அந்த சார்கிட்டக் கேக்கலாம்னுதான்" என்றார்.

"பொய் சொல்றீங்க" என்றார் நங்கை.

"ஆமாங்கறேன்!" என்று சத்தமாகச் சிரித்தார். பேருந்து சூலூரைத் தாண்டியதும் அண்ணன் நங்கையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நங்கை அவர் நெற்றியில் கை வைத்து, வேர்வை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை என்று எனக்குத் தலையாட்டிக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.