விபூதிப் புதனும் சாதிச் சர்டிபிகேட்டும்

செஞ்சி மலையடிவாரத்தில், எங்கள் சேரியில் எல்லாருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்று, மாதா கோயிலில் ஒன்று. பாட்டன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. சேர்ந்து என்ன கண்டோம்? பூசைக்குப் போனால் ஊர்க்காரர்கள் நடுவில், நாங்கள் ஓரத்தில். அவர்களுக்கு ஒரு வாசல், எங்களுக்கு ஒரு வாசல். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் எட்டாவது படித்தபோது வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. திண்டிவனத்தில் ஆதி திராவிடப் பிள்ளைகளுக்கு விடுதி இருக்கிறது, சோறும் படிப்பும் இலவசம், பெண்பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று வாத்தியார் சொன்னார். ஆனால் கிறிஸ்தவர்களுக்குக் கிடையாதாம். இந்து ஆதி திராவிடர் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழுதித் தரவேண்டும். என் பள்ளிக்கூடப் பெயரில் மனு போட்டோம். அது கிடைக்காவிட்டால் எட்டாவதோடு எனக்கு நாற்றுக்கட்டுதான்.

இன்ஸ்பெக்டர் எங்கள் ஊர்ச் சாவடிக்கு வந்த நாள் விபூதிப் புதனாகப் போய்விட்டது. தவசுகாலம் தொடங்கும் நாள். காலைப் பூசையில் சாமியார் எல்லார் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போடுவார், அன்று முழுக்க யாரும் அதை அழிப்பதில்லை. பூசை முடிந்து நானும் என்னைப் பெற்ற நைனாவும் அப்படியே சாவடிக்கு நடந்தோம். பாதி வழியில் நைனா என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்.

"அய்யய்யோ, இன்னா காரியம் பண்ணிட்டோம்! இப்டி வா."

விரலை எச்சிலில் நனைத்து, என் சிலுவையை இழுத்து மூன்று பட்டையாக்கினார். "மாதாவே, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தார். எனக்கோ திண்டிவனம் போகிற சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது.

சாவடிக்குள் எங்களை விடவில்லை. வெயிலில், வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றோம்.

"இன்னா சாமிடா கும்புடுறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாரியாத்தாதாங்க, சாமி" என்றார் நைனா.

என் நெற்றியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் நைனாவுக்குத் தலையில் முண்டாசு இருப்பது உறைத்தது. உத்தியோகஸ்தர் முன்னால் எங்கள் ஆள் யாரும் முண்டாசோடு நிற்கக்கூடாது. பதறிப்போய் அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

அவர் நெற்றியில் சிலுவை அழியாமல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "மாரியாத்தாளா? பேஷ்!" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். இந்தியக் கிறிஸ்தவர். சலுகைக்கு உரியவர் அல்ல. நைனா இரண்டு கையையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் படியோரம் வந்து, கை பட்டுவிடாமல், காகிதத்தை மண்ணில் போட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ.

"நாங்க கிறிஸ்தவங்கதானே சார்? அப்ப கையிலயே குடுங்களேன்" என்றேன்.

நைனா என் வாயைப் பொத்தினார். இன்ஸ்பெக்டர் திரும்பி உள்ளே போய்விட்டார். நைனா குனிந்து காகிதத்தை எடுத்து மண்ணைத் தட்டினார். அந்த ஆனியில் நான் நடவுக்குப் போனேன்.