இடது கொம்பு

ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட்டில் அக்கா வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு மான் கொம்பு மாட்டியிருந்தது. வலது கொம்பு கிளை விட்டு ஜம்மென்று நிற்கும். இடது கொம்போ ஒரு சாண்கூட வளராமல் வளைந்து தரையைப் பார்க்கும். அத்தான் லாரி ஓட்டிவிட்டு வந்ததும் தொப்பியை வலது பக்கம்தான் மாட்டுவார். இடது பக்கம் மாட்டினால் நழுவி விழுந்துவிடும். தைப்பிங் பாதையில் நாங்கள் இருந்த ரப்பர் எஸ்டேட்டை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில், காட்டோரம் கிடந்த மண்டையோட்டை அவரேதான் கொம்போடு எடுத்துவந்தார். "பொறவிக் கோணல் தம்பி. ஒங்க வாத்தியாரு மூக்கு மாதிரி" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அம்மாவும் அப்பாவும் போனபிறகு என்னை வளர்த்தது அக்காவும் அத்தானும்தான். காய்ச்சலில் கிடந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு நடந்தவர் அவர். "நடக்குறது நானு, மூச்சு வாங்குறது நீயாடா?" என்று வழியெல்லாம் கேலி. அவருக்கு மகன் இல்லை. அவர் போனபோது கொள்ளி வைத்தது நான். அப்பா என்று ஒரு முகத்தை நினைக்கச் சொன்னால் இன்றைக்கும் அவர் முகம்தான் வரும்.

ஒரு தீபாவளி நன்றாக நினைவிருக்கிறது. அக்காவின் வலது கையில் முழங்கைக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. சுளுக்கு, தைலம் போட்டிருக்கேன் என்றாள். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்தார். வட்டம் ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, "என்னாண்ணே, பொண்டாட்டிதாசன் ஆயிட்டீங்க?" என்று கிண்டலடித்தார்கள். அவர் தலை நிமிராமல் பிழிந்துகொண்டிருந்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்த ஆம்பளை அடுப்படிக்குள் நுழைந்தான்!

ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. முட்டிவலி என்று ஒருமுறை ஒரு மலாய்க்காரர் வந்திருந்தார். காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படம் வரும்வரை பேசிக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டுக் கொம்பைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பக்கம் குட்டை என்று கேட்டார். இடது என்றேன். அப்படியென்றால் வலது பின்னங்கால் எப்போதோ உடைந்திருக்கலாம் என்றார், பார்த்தவர் மாதிரி. பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மான்கள் மாட்டிக்கொள்ளுமாம். அறுத்துக்கொண்டு தப்பியது தண்ணீருக்குப் பக்கத்துப் புதரில் போய் ஒளிந்துகொள்ளும். உடைந்த காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எட்டுகிற இலையை மட்டும் தின்னும். புண்ணை நக்கும். யாராவது பார்ப்பதாகத் தெரிந்தால் நொண்டாமல் நடக்கப் பார்க்கும். எலும்பு கோணலோ மாணலோ தானே ஒட்டி, ஒட்டின இடத்தில் கணு மாதிரி தடித்துவிடும். பிழைத்தால் அப்புறம் ஓடும், பெண்மானோடு சேரும், எல்லாம் நடக்கும். ஆனால் பழைய கொம்பு விழுந்து புதுக்கொம்பு முளைக்கும்போது, காயம் படாத பக்கத்துக் கொம்பு கோணிக்கொண்டு வரும். கால் ஆறிப்போனாலும் சில மான்களுக்கு ஒவ்வொரு முறையும் அப்படியே முளைக்குமாம். காலில் அடிபட்டால் கொம்புக்கு என்ன வந்தது, அதுவும் எதிர்ப்பக்கம் என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாது" என்று சிரித்தார்.

போன வருடம் அக்கா துணி காயப்போடும்போது வழுக்கி விழுந்தாள். வலது கையை நானே படம் எடுத்தேன். மணிக்கட்டில் புது விரிசல். அதற்கு மேலே, முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் ஒரு பழைய முறிவு. கட்டுப் போடாமல் தானே ஒட்டின எலும்பு, கணு மாதிரி தடித்திருந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த இடம் தெரியும். கீழே விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுதான் போகும். நடுக்கை உடைவது, முகத்தில் விழ வருகிற அடியைக் கையைத் தூக்கித் தடுக்கும்போது. பெரும்பாலும் அப்படி. எப்போதும் அப்படி என்று சொல்லமுடியாது.

"இது எப்பக்கா ஒடஞ்சது?"

"எஸ்டேட்ல வழுக்கி விழுந்தேன்லா. மறந்தே போச்சு" என்றாள்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி கேட்டதற்கு, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றிருக்கிறாள். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. அத்தான் சனிக்கிழமை குடிப்பார். லயத்தில் யார்தான் குடிக்கவில்லை? அவர் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் அக்கா கை உடைந்ததையும்தான் நான் பார்க்கவில்லை. அந்தத் தீபாவளி முறுக்கு பிரியத்தில் பிழிந்ததா, வேறு எதிலா? தலை நிமிராதது கூச்சமா? செத்துப்போன மனுஷன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் படத்துக்கு முன்னால் நின்றால், கும்பிடப் போன கை பாதியில் நிற்கிறது. என்ன பிழைப்பு இது!

இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடித்தோம். நாற்காலியில் ஏறிக் கொம்பைக் கழற்றியபோது, அந்தக் காட்டிலாகாக்காரர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். கால்தான் உடைந்தது, கொம்பு அல்ல என்றேன். கால் ஆறினபிறகும் எதிர்ப்பக்கத்துக் கொம்பு கோணலாகவே முளைக்கும் என்றேன். சொல்லிவிட்டு, இன்று கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தேன்.

அக்கா இடது கொம்பின் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க அத்தான் சாகுற வரைக்கும் வருசா வருசம் அவருதான் முறுக்கு பிழிஞ்சாரு, தெரியும்ல?" என்றாள். "கை நல்லாயிருச்சு, விடுங்கன்னு சொன்னாலும் கேக்கமாட்டாரு. நிமிந்துகூடப் பாக்கமாட்டாரு."

நான் நாற்காலியை விட்டு இறங்கினேன்.

"சாயம் காஞ்சதும் பழைய எடத்துலயே மாட்டு, தம்பி" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போனாள். மாலையில் மாட்டினேன். அத்தானின் பழைய தொப்பியை எடுத்து, ஏனோ இடது கொம்பில் வைத்துப் பார்த்தேன். நழுவி விழுந்தது. எடுத்து, மறுபடி அதிலேயே வைத்தேன்.