செகண்டு கப்பல் ஏறாது

எங்கள் வீட்டில் எல்லோருடைய ஷூவிலும், நாக்குக்கு உள்பக்கம், வெள்ளிப் பேனாவால் இழுத்த ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் போட்டவர் எங்கள் அப்பாதான். ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் கடைசி செக்கிங்கில் இருந்தார். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், சட்டைப் பையில் அந்தப் பேனா. முடிந்து வரும் ஒவ்வொரு ஷூவையும் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், தோலில் கொசு கடித்த அளவுக்கு ஒரு தழும்பு இருந்தாலும் கோடு விழுந்துவிடும். கோடு விழுந்தால் அது செகண்டு. செகண்டுக்குப் பெட்டி கிடையாது. ‘வெயிட்டிங்’ என்று எழுதி ஒட்டிய இரும்பு ரேக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதம் ஒருமுறை வியாபாரியின் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் வேலை செய்கிறவர்கள் தங்கள் கால் அளவுக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவே அப்படி எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்த தெருதான்.

“செகண்டு கப்பல் ஏறாது” என்பார் அப்பா. ஷூவுக்கு மட்டுமல்ல, சந்தையில் வாங்கிய தக்காளி முதல் என் மதிப்பெண் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரே தீர்ப்புதான். கணக்கில் எழுபத்தெட்டு வாங்கி வந்தால் விடைத்தாளையும் கட்டைவிரலால் தடவுவார். தழும்பு எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் என் அக்கா இந்திய அணிக்குப் போனாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. பாலாற்றில் தண்ணீர் வராததால் எங்கள் ஊரில் யாராவது லாபம் அடைந்தார்கள் என்றால் அது அவள்தான். காய்ந்த ஆற்று மணலில் பந்து விளையாடிய பையன்கள், பெண் ஓடமாட்டாள் என்று அவளைக் கோலில் நிறுத்திவைத்தார்கள். மணலில் விழுந்தால் வலிக்காது. அதனால் அவள் எல்லாப் பந்துக்கும் விழுந்தாள். வெளியே போகிற பந்துக்கும் விழுவாள். அந்தப் பழக்கம் அவளை மாவட்டம், மாநிலம் என்று இழுத்துக்கொண்டுபோய், ஆசிய நாடுகளின் பெண் பிள்ளைகளுக்கான ஒரு போட்டியின் தகுதிச் சுற்றில் கோல்கீப்பராக நிறுத்திவிட்டது. அந்தச் சுற்று நடந்தது வெகு தூரத்தில், அம்மா கடைசிவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொல்லாத பெயருடைய ஓர் ஊரில்.

அவள் இல்லாத நாட்களில் ஜன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைத்தது. ஆகவே நாட்டுப்பற்று எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அக்கா பதினொன்றாம் வகுப்பு. முகாம் முகாமாகப் போனதில் பாதி நாள் வகுப்பில் இல்லை. நானும் அதே பள்ளிதான். தலைமையாசிரியை அப்பாவை அழைத்து, காலாண்டு விடுமுறை முடிவதற்குள் இரண்டில் ஒரு கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். முகாம் தொடர்கிறது என்று அணியிடமிருந்து ஒன்று, அல்லது இனிமேல் அனுப்பமாட்டேன் என்று அப்பாவிடமிருந்து ஒன்று. அப்பாவும் அக்காவும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அணி தகுதி பெற்றால் முகாம் தொடரும், அவளும் தொடரலாம். இல்லையென்றால் பந்தை வைத்துவிட்டு வகுப்பில் வந்து உட்கார வேண்டும். அக்கா அப்பாவின் உள்ளங்கையில் அடித்து ஒப்புக்கொண்டாள். விமானம் ஏறும் அவசரத்தில் அவள் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொண்டிருப்பாள்.

முதல் இரண்டு ஆட்டங்களையும் நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அதிலும் ஜெயித்துக் குரூப்பில் முதலாவதாக வந்தால் தகுதி. டிவியில் எதிலும் வரவில்லை. அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, அப்பாவின் கம்பெனியிலேயே கட்டிங்கில் வேலை செய்தார். அவருடைய போனில் ஏதோ ஒரு லிங்க் கிடைத்தது. போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். படம் நின்று நின்று வந்தது. அம்மா வீட்டிலேயே கம்பெனிக்குக் கைத்தையல் போடுவாள். அன்றும் மடியில் ஷூவின் மேல்தோலை வைத்துத் தைத்துக்கொண்டேதான் பார்த்தாள். திரையைப் பார்த்தபடியே தைத்ததில் அன்றைக்குத் தைத்த அத்தனையும் பாழ்.

எதிரணிப் பெண்கள் நம் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். முதல் கோல் விழுந்தபோது மாமா தொடையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது விழுந்தபோது அப்பா, “ஒரு அடி முன்ன வந்து நின்னுட்டா” என்றார். மூன்றாவதும் விழுந்தது. அப்பா கையை நீட்டிப் போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“இன்னாங்க, இன்னும் டைம் கீதே” என்றாள் அம்மா.

“போதும்” என்றார் அப்பா.

சாயங்காலம் மாமாவின் போனுக்கு அக்காவின் குரல் வந்தது. அணி மேலாளரின் போனிலிருந்து பதிந்து அனுப்பியிருந்தாள். அழுது முடித்த குரல். “செகண்டு வந்துட்டோம்மா. இப்ப வெயிட்டிங்ல கீறோம். அப்பாகிட்ட சொல்லிடு.” அவ்வளவுதான். வீட்டோடு பேச எப்போதாவதுதான் போன் கொடுப்பார்கள், திரும்பக் கேட்க வழியில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. வேறு ஊரில் யாராவது அதைக் கேட்டிருந்தால் எதற்கு வெயிட்டிங் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு சொற்களுக்கும் பல வருடங்களாக ஒரே அர்த்தம்தான். செகண்டு, வெயிட்டிங். ரேக்கில் போய் உட்கார்ந்தாகிவிட்டது. இனி வேன் வரவேண்டியதுதான் பாக்கி.

“பாவம், அது வாயாலயே சொல்லிச்சு பாரு” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் லைனில் நின்ற எல்லோரும் அப்பாவிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். அம்மா அக்காவின் பள்ளிச் சீருடையை எடுத்து, வளர்ந்திருப்பாள் என்று விளிம்பைப் பிரித்து நீளமாக்கினாள். நான் மட்டும் கட்டிலில் படுத்துக்கொண்டு, இன்னும் நான்கு நாளில் இது போய்விடுமே என்று வருத்தப்பட்டேன். அக்காவுக்காகவும் வருத்தப்பட்டேன் என்று இப்போது சேர்த்துக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது இரண்டாவதாகத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பேப்பர் எடுக்கச் சொன்னார். எங்கள் தெருவில் விடுப்புக் கடிதம் என்றால் அது என் கையெழுத்துதான். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னிடம் வருவார்கள். அப்பா சொல்லச் சொல்ல, மேடையில் பேசுகிறவர்களின் தமிழாக நானே மாற்றி எழுதினேன். ‘என் மகளை இனி எந்தக் கால்பந்து முகாமிற்கும் அனுப்பமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்பா வாங்கி, லைட்டுக்கு நேராகப் பிடித்துப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் அடியில் கட்டைவிரல் நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

“எழுத்து நல்லாக்கீது பாப்பா” என்றார்.

அப்பா எதையும் நல்லா இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கடிதம் அக்காவின் தலையில் விழப்போகும் கல் என்பதே மறந்துபோய், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பர்மிஷன் போட்டுவிட்டு, என்னையும் வண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்குப் போனார். விடுமுறையிலும் அலுவலகம் திறந்திருந்தது. தலைமையாசிரியை அன்று வரவில்லை. கிளார்க் அம்மா மட்டும் மேசையில் பட்டாணி வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்க்காமலே சீல் குத்தினார். பெரிய நோட்டை விரித்து வரிசை எண் போட்டார். பேனாவை மூடுவதற்குள் வெளியே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

மாமா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே ஓடிவந்தார்.

“மாமா, குடுத்துட்டீங்களா?”

“இப்பத்தான் மச்சான். இன்னாத்துக்கு?”

“செகண்டு பாஸ் ஆயிடுச்சு மாமா!”

அப்பாவுக்குப் புரியவில்லை. “செகண்டு எப்படிடா பாஸ் ஆவும்?”

“எல்லா குரூப்லயும் செகண்டு வந்தவங்கள ஒண்ணா வச்சு, அதுல நல்லதா பாத்து எடுக்குறாங்க மாமா. மத்த குரூப் மேட்ச் முடியறதுக்குத்தான் வெயிட்டிங்னு சொல்லிக்கீது. நேத்துதான் முடிஞ்சுதாம். நம்ம புள்ளைங்கள ரேக்குலர்ந்து எடுத்து பொட்டில வச்சுட்டாங்க!” மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னார். “நீங்க போனைக் கவுத்தீங்கல்ல, அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு பெனால்டி குடுத்தாங்களாம். மூணு வாங்கிட்டு நிக்குது, ஆட்டம் முடியப்போவுது, யாரு பாக்கப் போறாங்க? ஆனா பாஞ்சு புடிச்சுட்டா மாமா. அந்த ஒண்ணு உள்ள போயிருந்தா கோல் கணக்குல இன்னொரு நாட்டுக்காரன் போயிருப்பான்.”

அப்பா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். வெளியே போய்க் குழாயைத் திறந்து ரொம்ப நேரம் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் ஈரம். மூன்று நாளாக வீட்டில் யாரும் சரியாக மூச்சு விடவில்லை என்பது அவர் விட்ட அந்த ஒரு மூச்சில்தான் எனக்குத் தெரிந்தது. நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். கட்டில் மிஞ்சியதற்கா, அக்கா ஜெயித்ததற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அப்போதுதான் எல்லோருக்கும் கடிதத்தின் நினைவு வந்தது.

“அம்மா, அந்த லெட்டரைத் திருப்பிக் குடுத்துடுங்க” என்றார் அப்பா.

“சீல் குத்தி நம்பர் போட்டாச்சுங்க. இனிமே ஃபைல்லதான் போவணும்” என்றார் கிளார்க் அம்மா. மாமா கெஞ்சினார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று முதன்முறையாகக் கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நீ எத்தினாவது?”

“ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு.”

“அதான் பாத்தேன்.” அவர் சத்தமாகப் படித்தார். “‘ஆறாம் வகுப்பு ஆ பிரிவில் பயிலும் என் மகளை இனி எந்தக் கால்பந்து முகாமிற்கும்…’ இந்த லெட்டர் படி உங்க சின்னப் பொண்ணுதாங்க இனிமே பந்து ஆடக் கூடாது. பெரிய பொண்ணைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல.”

நூறு விடுப்புக் கடிதம் எழுதிய கை. வகுப்பு என்ற சொல் வந்ததும் தானாகவே ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு என்று ஓடிவிட்டது. மாமா சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கியது. கிளார்க் அம்மா கடிதத்தை என் வகுப்புக் கோப்பிலேயே போட்டு, எனக்கு ஒரு கை பட்டாணியும் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை அணியின் கடிதம் வந்து சேர்ந்தது. அக்கா திரும்பி வந்து ஒரே வாரம் கட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, மறுபடியும் முகாமுக்குப் போனாள். இன்று அந்த ஆட்டத்தால் கிடைத்த வேலையில் இருக்கிறாள். நானும் கொடுத்த வாக்கைத் தவறவில்லை. இன்றுவரை ஒரு பந்தையும் உதைத்ததில்லை.

என் தப்பால் அக்கா தப்பினாள் என்று பல வருடம் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். போன வருடம் என் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குப் போகும் முன் அப்பாவிடம் காட்டினேன். அச்சகத்தார் இரண்டு பேர், மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் படித்துச் சரி என்று சொன்னது. அப்பா லைட்டுக்கு நேராகப் பிடித்து, அடியில் கட்டைவிரலை ஓட்டினார். மூன்றாவது வரியில் நின்றார்.

“இங்க ஒரு புள்ளி வுட்டுப்போச்சு” என்றார்.

எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. அதே விரல். இரண்டு முறை படித்தது. இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றது.

“ஏம்ப்பா, அன்னிக்கு நான் எழுதின லெட்டர்ல தப்பு இருந்தது உனக்குத் தெரியலையா?”

அப்பா பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்தார். “அப்ப எனக்குக் கண்ணு கொஞ்சம் கம்மி பாப்பா” என்றார்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஏழு வருடம் அவர் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஏழு வருடத்தில் அவர் கையைத் தாண்டிக் கப்பல் ஏறிய ஷூவில் ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.