எரிமலையில் நான் ஓடிய ஓட்டம்

சவுதியில் யான்பு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நான் சேஃப்டி சூப்பர்வைசர். "அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விஷவாயு. காற்று வரும் பக்கம் பார்த்து மேட்டுக்கு ஓடு. விழுந்தவனைத் தூக்க நிற்காதே" என்று தினமும் காலையில் தொழிலாளர்களுக்குப் பாடம் எடுப்பவன்.

போன ஈத் லீவில் மனைவி மல்லிகாவுடன் கிரீஸின் சாண்டோரினி தீவுக்குப் போனேன். படகில் கூட்டிப்போய் எரிமலைத் திட்டில் இறக்கினார்கள். கருங்கல் சரிவில் பாதி ஏறியிருப்போம், அதே நாற்றம் அடித்தது. "பாகோ, யல்லா, ஓடுங்க" என்று இந்தி, அரபி, தமிழ் எனத் தெரிந்த பாஷையிலெல்லாம் கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். பின்னால் மல்லிகா சறுக்கி விழுந்தாள். "ஏங்க" என்று கூப்பிட்டாள். காதில் விழத்தான் செய்தது. நான் நிற்கவில்லை.

உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் வேறு யாருமே ஓடவில்லை. எண்பது வயது வெள்ளைக்காரர் ஒருவர் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்தார். எரிமலை என்றால் கந்தகம் நாறத்தானே செய்யும் என்று கைடு பெண் சிரித்தாள்.

"மல்லி, ரூல் அப்படி. தூக்க வந்தா ரெண்டு பேரும் போயிடுவோம்" என்றேன்.

முட்டியில் ரத்தத்தைத் துடைத்தபடி அவள் சொன்னாள்: "சரிங்க. நீங்க விழறப்ப எனக்கும் அந்த ரூல் ஞாபகம் இருக்கும்."

எனக்கு சுகரும் உண்டு, பிரஷரும் உண்டு. வீடு திரும்பியதும் முதல் வேலையாக பாத்ரூமில் வழுக்காத ரப்பர் மேட் வாங்கிப் போட்டேன். மாடிப்படியில் கைப்பிடியை விடுவதே இல்லை. மல்லிகா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.