எங்க அடிச்சாலும் விழுகிற வலை

பாண்டியம்மாளுக்கு ரோஷம் மூக்கு நுனியில் இருக்கும். அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினோரு வருஷமாகப் புல் வெட்டுகிறாள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்கிறவர்களுக்கும் அங்கே ஒரு போட்டி உண்டு. போன வருஷம் கடைசிக் குழி வரைக்கும் அவள்தான் முன்னால் இருந்தாள். குழிக்கு இருபதடியில் பந்து. மெல்லத் தூக்கிப் போட்டு உருள விட வேண்டும், சிப்பிங் என்பார்கள். மூன்று தடவை அடித்தாள். மூன்று தடவையும் குழியைத் தாண்டி ஓடியது.

"புல்லு வெட்டுறவ புல்லத்தான் வெட்டணும்" என்றார் கிளப் செக்ரட்டரி. கூட்டம் சிரித்தது. பழகிக் காட்டுவது என்று முடிவு கட்டினாள் அவள்.

பயிற்சிப் புல்லில் வேலையாட்கள் வெட்டலாம், தண்ணீர் விடலாம், அடிக்கக் கூடாது. நல்ல சட்டம் போட்டார்கள் போங்கள். சரி, நம் வீட்டுக் கொல்லை யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று அவள் ஒத்தக்கடையில் இருக்கிற வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு முருங்கை, ஒரு துவைகல், அதற்கு நடுவே கிடைத்த இடம். ஸ்டிக், யாரோ ஒரு மெம்பர் வேண்டாமென்று கொடுத்தது.

புருஷன் தங்கப்பாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காளவாசல் கடையில் கிரிக்கெட் வலை வாங்கி வந்து கட்டினான். வலை என்றால் எல்லாம் வலைதானே என்பது அவன் கணக்கு. கோல்ஃப் பந்து எலுமிச்சம்பழ அளவுதான். முதல் அடியிலேயே கண்ணிக்குள் புகுந்து, குட்டைச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஜெயினம்பு காயப்போட்டிருந்த மோர்மிளகாயில் போய் விழுந்தது.

ஜெயினம்பு பந்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "இன்னும் நாலு போடுங்கக்கா, குழம்பு வச்சிருவோம்."

மறுநாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு பாண்டியம்மாளே கடைக்குக் கிளம்பினாள். பந்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைக்காரர் முகமது யாசீன் எடுத்துப்போட்ட வலை ஒவ்வொன்றிலும் பந்தை வைத்து அமுக்கிப் பார்த்தாள், சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி. கடைசியில் இரண்டு தேறின. ஒன்று ஆள் உயரம், கட்டில் அகலம். மற்றது விரித்த குடையைச் சாய்த்து வைத்தது போலச் சின்னது, நடுவில் ஒரு பை.

"பெருசையே எடுத்துக்கங்கம்மா. எங்க அடிச்சாலும் விழும்" என்றார் யாசீன்.

"நானும் அதைத்தான் சொல்றேன். மோர்மிளகாயும் தப்பிக்கும்" என்றான் தங்கப்பாண்டி.

"எங்க அடிச்சாலும் விழுகுற வலை எனக்கு எதுக்குண்ணே? நான் தப்பா அடிச்சா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சின்னதைக் கட்டுங்க."

"தவறுற பந்தை எல்லாம் யாரு பொறுக்குறது?" என்றான் தங்கப்பாண்டி.

"நாந்தான். பொறுக்கப் பொறுக்கக் கை திருந்தும்."

முதல் வாரம் பத்துக்கு இரண்டு விழுந்தது. இடுப்பு கழன்றுபோனது. வலைக்கு முன்னால் தரையில் கோலமாவால் ஒரு புள்ளி வைத்தாள். பந்து அதில் இறங்கி, ஓடி, பைக்குள் போக வேண்டும். ஜெயினம்பு மிளகாயை மாடிக்கு ஏற்றிவிட்டாள். சுவர் தாண்டி வந்த பந்துகளைத் திருப்பி எறிந்தபடி, "அக்கா, இன்னிக்குப் பந்து வரத்து கம்மி" என்று நக்கலடித்தாள். மார்கழி முடிவதற்குள் அவளுக்கு எறிய வேலையில்லாமல் போனது.

பொங்கல் கழிந்தது. அதே கடைசிக் குழி. அதே இருபதடி. பாண்டியம்மாள் புல்லில் கண்ணாலேயே ஒரு புள்ளி வைத்தாள். பந்து அங்கே இறங்கியது, உருண்டது, குழியில் விழுந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் செக்ரட்டரி.

அவள் குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தாள். சேலையில் துடைத்தாள். அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே வைங்க சார். எங்க வேணும்னாலும் வைங்க. அடிக்கிறேன்."

செக்ரட்டரி புல்லைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பந்து அவர் கையிலேயே இருந்தது.

பாண்டியம்மாள் கையை நீட்டினாள். "அப்ப என் பந்தைக் குடுத்துருங்க சார். நாளைக்குப் பழகணும்."