உட்கார்ந்தபடி வழி சொன்னவர்

"என் நாக்குல இங்கிலீஷ் இருக்கிற வரைக்கும் இந்த எஸ்டேட்டுக்கு வழி காட்டறதுக்குன்னு ஒருத்தரும் எந்திரிச்சு நடக்க வேண்டியதில்லைங்க. கல்கத்தாக்காரனா இருந்தாலும் சரி, உட்கார்ந்த எடத்துல இருந்தே கொண்டாந்து வாசல்ல நிறுத்திப் போடுவேன்."

1965ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் ஜஸ்டஸ் இப்படி அறிவித்தார். மஞ்சூருக்கு அப்பால் உள்ள ஓர் எஸ்டேட்டின் தலைமை எழுத்தர் அவர். கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பதிலும் இங்கிலீஷில் வந்திருக்கும்.

அவருடைய ஆங்கிலம் ஒரு தனி ரகம். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல் சில ஆண்டுகள் இருந்த துரைதான் அவருக்கு ஆசான். அந்தத் துரை தன் எழுத்தரிடம் போ, வா, ஏறு, இறங்கு, வெளியே போ என்பவற்றைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஆகவே அன்பு, தத்துவம், வானிலை ஆகியவற்றில் ஜஸ்டஸின் ஆங்கிலம் சற்றே மெலிவு. நகர்வதைச் சொல்வதில் மட்டும் அவரை வெல்ல ஆள் கிடையாது.

வினைச்சொல்லைத் தனியாக வெளியே அனுப்பக்கூடாது என்பது அவர் கொள்கை. வெறும் 'கோ' என்பது வேட்டி கட்டாமல் கடைவீதிக்குக் கிளம்பிய மனிதன். பின்னாலேயே ஓர் 'அப்' அல்லது 'டவுன்' போக வேண்டும். பாலம் வந்தால் 'அக்ராஸ்', மரத்தைக் கடந்தால் 'பாஸ்ட்'. எந்திரம் பழுதுபார்க்க வருகிறவர்களும் அதிகாரிகளும் தொலைபேசியில் வழி கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஓதுவார். குன்னூரில் கிளம்பியவர் எப்படியும் வந்துசேர்ந்தார். நடுவழியில் மஞ்சூர்க் கடைக்காரர்கள் கை நீட்டி வழி காட்டியது ஜஸ்டஸின் கணக்கில் சேராது.

லாரி டிரைவர் பொன்ராஜுக்கு அவர் பாடமே நடத்தினார்.

"காருன்னா கெட் இன். பஸ்ஸுன்னா கெட் ஆன். வெளங்குதா?"

"ரெண்டுலயும் ஏறித்தானுங்க ரைட்டரய்யா போறோம்."

"காருக்குள்ள போறோம். பஸ்ஸு மேல போறோம்."

"பஸ்ஸு மேல ஏறுனா கண்டக்டரு எறக்கி விட்டுருவானுங்க."

ஜஸ்டஸின் மனைவி பியாட்ரிஸ் இதைக் கேட்டுச் சிரித்தாள். "வாலு ஒட்டாம ஒரு வார்த்தையும் இந்த ஊட்டை விட்டு வெளிய போவாதுங்க, பொன்ராஜ்." அவள் சிரித்தால் கடைசியில் இருமலில்தான் முடியும். அவளுக்கு இழுப்பு நோய்.

அடுத்த ஆண்டு ஆடி மழையில் அந்த இழுப்பு முற்றிவிட்டது. ஒரு பகல் நேரம், படுக்க முடியாமல் சன்னல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்தாள். உதடு நீலம் பாரித்தது. எஸ்டேட் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, லாரியில் ஏற்றிக் குலுக்கினால் உயிருக்கு ஆகாது, டாக்டர் ஊசியோடு இங்கேயே வந்தாக வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுத் தபித்தாளைத் துணைக்கு வைத்துவிட்டு ஜஸ்டஸ் ஆபீசுக்கு ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வங்காளத்துக்காரர். பெயர் சென். தமிழ் தெரியாது, மலையும் தெரியாது. அவருடைய டிரைவரும் மைசூர்ப் பக்கமிருந்து வந்த புது ஆள். தானே கிளம்பி வருவதாகவும் வழி மட்டும் வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் கேட்டார். இப்படி ஒரு வாய்ப்புக்காகவே படைக்கப்பட்டவர் ஜஸ்டஸ். ரிசீவரைக் காதோடு அழுத்தி, பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னார்: கம் அப் த காட் ரோட், கோ அக்ராஸ் த பிரிட்ஜ், கோ பாஸ்ட் த வெயிங் ஷெட், தென் டர்ன் ஆஃப் டு த லெஃப்ட்.

மலைச்சாலையில் ஏறு, பாலத்தைக் கட, கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு. இதைவிடத் தெளிவாக அந்தத் துரையாலும் சொல்லியிருக்க முடியாது. ஆபீசில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

பொன்ராஜ் மட்டும் தயங்கினான். "மூடாக்கா இருக்குதுங்க. நா வேணும்னா ரோட்டுல போயி நின்னு கூட்டியாரட்டுங்களா?"

"நான் சொன்னதுல ஏதாச்சும் ஓட்டை இருக்குதா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"அப்ப நில்லு."

பொன்ராஜ் நின்றான். டாக்டர் வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியது. மூடுபனி சன்னலோரம் வந்து ஒட்டிக்கொண்டது. குடியிருப்பிலிருந்து ஆள் வந்து, தபித்தாள் கூப்பிடுவதாகவும் பியாட்ரிஸம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டதாகவும் சொன்னான். ஜஸ்டஸ் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். இவற்றுக்கெல்லாம் பொருத்தமான வால் சொற்கள் உண்டு. அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

போன் மணி அடித்தது. டாக்டர் சென், கீழே பக்கத்து எஸ்டேட் தொழிற்சாலையிலிருந்து பேசினார். சொன்னபடியே எல்லாம் செய்தாராம். கொட்டகையில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்களாம். அதைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினார்களாம். பாதை இறங்கி இறங்கி இங்கே வந்து முடிந்துவிட்டதாம்.

ஜஸ்டஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜஸ்டஸின் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை என்றால் நான்கு கம்பும் ஒரு தகரமும்தான். பறிக்கும் ஆட்கள் எந்தத் தேயிலைக் காட்டில் நிற்கிறார்களோ, அங்கே அதைத் தூக்கிக்கொண்டு போய் நடுவார்கள். போன வாரம் அது அவர் வீட்டுக்குத் திரும்பும் முனையில் நின்றது. இன்று எங்கே என்பது ஆபீசில் யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தாம் கடைசியாகப் பார்த்த கொட்டகையை நினைத்துத் தலையாட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. கொட்டகைதான் எழுந்து நடந்துவிட்டது.

"இனி எப்படி வரட்டும்?" என்றார் டாக்டர்.

ஜஸ்டஸ் வாயைத் திறந்தார். மேலே வா, சுற்றி வா, கடந்து வா, எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. எதை நம்புவது? அங்கிருந்து ஏறும் பாதையில் எது நிற்கிறது, எது நகர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போய் வருடக்கணக்காகிறது.

"ஸ்டே," என்றார். பின்னால் எதுவும் ஒட்டாத ஒற்றைச் சொல்.

குடையைக்கூட எடுக்காமல் தேயிலைச் செடிகளுக்கிடையே குறுக்குப் பாதையில் சரிந்து இறங்கினார். இருமுறை விழுந்தார். தொழிற்சாலை வாசலில் டாக்டர் ஜீப் கதவைத் திறந்து, "கெட் இன்," என்றார். ஜஸ்டஸ் தலையசைத்து மறுத்துவிட்டார். பனி அவ்வளவு அடர்த்தி. இருக்கையிலிருந்து பார்த்தால் திருப்பம் தெரியாது.

ஜீப்பின் விளக்கு வெளிச்சத்தில் முன்னால் நடந்தார். நடை போதாதபோது ஓடினார். பாதை பிரிந்த இடத்தில் டிரைவர் தலையை நீட்டி லெஃப்டா ரைட்டா என்று கேட்டான். ஜஸ்டஸ் குனிந்து தரையைத் தடவி, சக்கரத்தடம் இருந்த பக்கம் திரும்பி ஓடினார்.

குடியிருப்பின் முன் ஜீப் நின்றது. பனியில் எல்லா வீடும் ஒன்றுபோல் இருந்தது. டாக்டர் பையோடு இறங்கி, எந்த வீடு என்று கேட்டார். ஏதோ ஒரு கதவுக்குள்ளிருந்து பியாட்ரிஸின் இழுப்புச் சத்தம், மெலிந்து, விட்டுவிட்டு வந்தது.

ஜஸ்டஸ் போய் அந்தக் கதவைத் தள்ளித் திறந்து, டாக்டர் நுழையும்வரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.